பெரட்டு மணியும் மின்தூக்கியும்



போன மாதம் எங்கள் கிளையின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நம் முன்னோர் வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தோட்டம், லயம், பால்மரம் என்று நான் சொல்லிக்கொண்டே போக, பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி கையைத் தூக்கினான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அங்க வைஃபை இல்ல, ஏர்கோன் இல்ல, வீட்டுக்குள்ள தண்ணிகூட இல்லன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் எங்க தாத்தா எப்பப் பாத்தாலும் 'தோட்டத்துல இருந்தப்ப நல்லா இருந்துச்சு'ன்னு சொல்றாரு? அது பொய்யா, இல்ல அவருக்கு வயசாயிருச்சா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அவனுக்குச் சரியான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். தாத்தா சொல்வது பொய் இல்லை. தம்பி கேட்டதும் தப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாடம் இருக்கிறது. அதைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. நம்மை இங்கே கொண்டுவந்த கண்டுபிடிப்பு

முதலில் ஒரு கேள்வி. நம்மில் பெரும்பாலோர் ஏன் இந்த நாட்டில் பிறந்தோம்? "தாத்தா கப்பல் ஏறி வந்தார்" என்பது பாதிப் பதில்தான். கப்பல் ஏன் அவரை ஏற்றிக்கொண்டு வந்தது என்பதுதான் மீதி.

ரப்பர் பால் முன்பெல்லாம் அதிகம் பயன்படாத பொருள். வெயிலில் உருகும், குளிரில் இறுகி வெடிக்கும். 1839-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உருகாமலும் வெடிக்காமலும் நிற்கும் என்று கண்டுபிடித்தார். 1888-இல் ஜான் டன்லப் காற்றடைத்த சக்கரத்தைச் செய்தார். 1908-இல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. 1913-இல் அந்தக் காரை நகரும் வரிசையில் வைத்து மளமளவென்று செய்யத் தொடங்கினார்கள். ஒவ்வொரு காருக்கும் சக்கரம் வேண்டும். சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும்.

ரப்பர் மரம் பிரேசில் காட்டு மரம். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. சில கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்றை இன்றும் அங்கே போய்ப் பார்க்கலாம். அந்தப் பக்கம் போனால் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். நம் குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றிய மரம் அது.

சிங்கப்பூர்த் தோட்டத்தின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். சீவிய பட்டை மறுபடியும் வளர்ந்துகொள்ளும். காப்பித் தோட்டக்காரர்களிடம் போய் "ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள்" என்று அவர் ஓயாமல் சொன்னதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். 1910 வாக்கில் ரப்பர் விலை ஏறியபோது யார் பைத்தியம் என்று தெரிந்துவிட்டது.

ஆனால் மரம் தானாகப் பால் கொடுக்காது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மனிதன் போய் நின்று, உளியால் சீவி, மங்கை வைத்து, பாலை எடுத்துக்கொண்டு வர வேண்டும். அந்தக் கைகளுக்காகத்தான் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். "ஜெராஜாக் தீவுல மருந்து அடிச்சு, சட்டையெல்லாம் அவிச்சுக் கொடுத்தான்" என்று சொல்வார். எங்கோ டெட்ராய்டில் யாரோ ஒருவர் கார் வாங்கினார். அதனால் என் தாத்தா ஊரை விட்டார். தாத்தா சாகும்வரைக்கும் சொந்தமாக ஒரு மோட்டார்கூட வைத்திருந்ததில்லை.

2. மணி அடித்து விடிந்த வாழ்க்கை

நான் கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, 14 வயது வரை அங்கே வளர்ந்தவன். எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது. ஆனால் அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விடியற்காலை நாலரை மணிக்கு ஆபீஸ் பக்கம் தொங்கிய தண்டவாளத் துண்டில் ஓங்கி அடிப்பார்கள். அதுதான் பெரட்டு மணி. இருட்டிலேயே எல்லோரும் போய் வரிசையில் நிற்க வேண்டும். கிராணியார் பேர் கூப்பிடுவார். தண்டல் நிரை பிரித்துக் கொடுப்பார். வராதவர் பேருக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை.

ஏன் அவ்வளவு விடியலில்? துரைக்கு மனமில்லை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது. மரப்பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் அதிகம். வெயில் ஏற ஏற இலைகள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். ஆக, எங்கள் தூக்கத்தை எழுப்பியது துரையின் மணி மட்டும் இல்லை, மரத்தின் மணியும்தான். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் காசு இல்லை. மேகம் கறுத்தால் எங்கள் அம்மாவின் முகமும் கறுக்கும்.

லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பல குடும்பங்கள். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் ஏழாவது வீட்டுக்கு வாசம் போகும். தண்ணீருக்கு லயத்துக்கு ஒரு பொதுக் குழாய். விடிந்ததும் அங்கேதான் எல்லாச் செய்தியும். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் புருஷன் நேற்று கள்ளுக்கடையிலிருந்து வந்து அடித்தான், எல்லாம் அந்தக் குழாயடியில் தெரிந்துவிடும். மின்சாரம் ஜெனரேட்டரில் ஓடும். ராத்திரி 10 மணிக்கு நின்றுவிடும். தொலைக்காட்சி நம் நாட்டுக்கு வந்தது 1963 டிசம்பரில். எங்கள் தோட்டத்துக்கு அது ரொம்பப் பிந்தி வந்தது. அதுவும் மண்டபத்தில் ஒரே ஒரு பெட்டி. தமிழ்ப்படம் போடும் நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு மொத்தத் தோட்டமும் அங்கே உட்காரும்.

தம்பி தங்கைகளே, இதைக் கேட்டு "ஆகா, சொர்க்கம்" என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டம் சொர்க்கம் இல்லை. என் பாட்டி 6 பிள்ளைகள் பெற்று 2 பேரைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர். அம்மா நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, காட்டுக்குப் போய், பால்வாளி சுமந்து, திரும்பி வந்து விறகு பொறுக்கி, அம்மியில் அரைத்து, துணி துவைத்து, மறுபடியும் சோறாக்குவார். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போக வேண்டும். பலர் போகவில்லை. கோயில் திருவிழாவில்கூட சாதி பார்த்து வரிசை வைத்த காலம் அது. இதையெல்லாம் மறைத்துவிட்டுத் தோட்டத்தைப் புகழ்ந்தால் அது நம் பாட்டிமார்களுக்குச் செய்யும் துரோகம்.

3. தோட்டத்தை விட்டு அனுப்பிய கண்டுபிடிப்புகள்

நம்மைக் கொண்டுவந்தது கண்டுபிடிப்பு என்றேன். நம்மைக் கிளப்பிவிட்டதிலும் கண்டுபிடிப்புகளுக்குப் பங்கு உண்டு.

இரண்டாம் உலகப் போரில் மலாயா 1942-இல் ஜப்பானியர் கையில் விழுந்தது. அமெரிக்காவுக்கு ரப்பர் வருவது பெரும்பாலும் நின்றுபோனது. உடனே அவர்கள் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளைப் பெரிய அளவில் கட்டினார்கள். போர் முடிந்தும் அந்த ஆலைகள் நிற்கவில்லை. அதன் பிறகு நம் மரத்துப் பாலுக்கு ஒரு நிரந்தரப் போட்டி.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரர்கள் சிலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். ஏனென்றால் தோட்டத்தில் வேலை போனால் லயமும் போய்விடும். அந்த நேரத்தில்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டம் வாங்கினார்கள். மரம் வெட்டியவன் மரத்துக்குச் சொந்தக்காரன் ஆன கதை அது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தச் சங்கத்துப் பங்குப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் செம்பனை வந்தது. ரப்பர் மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆள் போக வேண்டும். செம்பனைக் குலையை 10, 15 நாளுக்கு ஒரு தடவை அறுத்தால் போதும். அதே நிலத்துக்குக் குறைவான ஆட்கள் போதும். செம்பனையில் பெண்களுக்கு ஒரு வேலை இருந்தது: பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்துக் கையால் தூவுவது. 1981-இல் ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசி அளவுகூட இல்லாத அந்த வண்டு மகரந்தச் சேர்க்கையை மனிதரைவிட நன்றாகச் செய்தது. காய்ப்பு கூடியது. தூவும் வேலை போனது. இயந்திரம்தான் ஆளைக் குறைக்கும் என்று நினைப்போம். ஒரு பூச்சியும் குறைக்கும்.

கடைசியாகப் பட்டணமே தோட்டத்தைத் தேடி வந்தது. சுபாங் ஜெயா நிற்பது சீபீல்ட் தோட்டம் இருந்த மண்ணில். புத்ராஜெயா எழுந்தது பிராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில். 1970-இல் நம் நாட்டு இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் பட்டணங்களில் இருந்தார்கள். 2000-க்குள் ஐந்தில் நான்கு பங்கினர் பட்டணவாசிகள். முப்பதே ஆண்டு! ஒரு தலைமுறைக்குள் ஒரு சமூகமே வீடு மாறியிருக்கிறது.

எங்கள் தோட்டமும் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. 1982-இல் ஒரு லாரியில் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் முதலில் ஏற்றினோம். பட்டணத்து அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. அம்மி அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் அரைத்தால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையைத் தட்டினார். அதோடு அம்மி பூந்தொட்டி வைக்கும் பலகையாகிவிட்டது.

4. ஒன்பதாவது மாடி

1850-களில் நியூயார்க்கில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் ஒரு மின்தூக்கி மேடையில் ஏறி நின்று, அதைத் தாங்கிய கயிற்றை அறுக்கச் சொன்னார். மேடை விழவில்லை. அவர் கண்டுபிடித்த தடுப்பு அதைப் பிடித்து நிறுத்தியது. அன்றிலிருந்துதான் மனிதன் துணிந்து உயரமாக வீடு கட்ட ஆரம்பித்தான். அந்த ஆளைப் பற்றி எதுவும் தெரியாமல்தான் நாங்கள் தினம் மின்தூக்கியில் ஏறி இறங்கினோம்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் மாதம் அம்மா அழுததைவிடச் சிரித்ததுதான் அதிகம். குழாயைத் திருகினால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். கேஸ் அடுப்பு. ராத்திரி முழுக்க விளக்கு. அக்கா மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் மின்சாரச் சோற்றுப்பானை வாங்கிக்கொண்டு வந்தார். ஜப்பானில் 1955-இல் விற்பனைக்கு வந்த பொருள், 27 வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா அதன் முன்னால் நின்று, "நெசமாவே அதுவா அடங்கிருமா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. நாற்பது வருஷமாக விறகுப் புகையில் எரிந்த கண்கள் அவை. அந்தப் பானையை யாராவது 'நாகரிக மோகம்' என்று குறை சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் வேறு சில மாற்றங்களும் சத்தமில்லாமல் நடந்தன. அக்காவுக்குத் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட். அப்பாவுக்கு ஒரு கட்டடத்தில் இரவு ஜாகா வேலை. நான் பள்ளிக்கூடம். தோட்டத்தில் ஒரே மணி எங்கள் எல்லோரையும் எழுப்பியது. ஒரே நேரத்தில் எல்லோரும் வீடு திரும்பினோம். இங்கே ஆளுக்கு ஒரு மணி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அம்மா மட்டும்தான் வீட்டில் இருப்பார். சோற்றுப்பானை சோற்றைச் சூடாக வைத்திருந்தது. அதனால் யாருக்காக யாரும் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

குழாய் வீட்டுக்குள் வந்தது. குழாயடி போய்விட்டது. வீட்டுக்கொரு தொலைக்காட்சி வந்தது. மண்டபத்துப் பாய் போய்விட்டது. இப்போது ஆளுக்கொரு கைப்பேசி. வீட்டுத் தொலைக்காட்சி முன்னால்கூட சேர்ந்து உட்காருவதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஒவ்வொரு கண்டுபிடிப்பும் நம் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கியது. அது நல்லது. ஆனால் அந்தச் சுமையைத் தூக்கப் போன இடத்தில்தான் நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். சுமை இறங்கியபோது அந்தச் சந்திப்பும் சேர்ந்து போனது. அதை யாரும் திட்டம் போட்டுப் பறிக்கவில்லை. அது போனதே நமக்குத் தெரியவில்லை.

5. அப்பாவை இறக்கிய நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பாடம் என்று எழுதிவிட்டு முக்கியமானதை மறைப்பது சரியில்லை என்பதால் எழுதுகிறேன்.

அம்மா இறந்த பிறகு அப்பா அதே ஒன்பதாவது மாடியில் தனியாக இருந்தார். நான் கல்யாணமாகி அரைமணி நேரத் தூரத்தில் இருந்தேன். "எங்ககூட வந்துருங்கப்பா" என்றால், "இங்க எல்லாம் வசதியாத்தான் இருக்கு" என்பார். பெரிய தொலைக்காட்சி வாங்கிக் கொடுத்தேன். கைப்பேசி வாங்கிக் கொடுத்தேன். என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்தேன். போன் பண்ணுவேன். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." "மாத்திரை?" "போட்டேன்." "சரிப்பா." அரை நிமிஷம்கூட ஆகாது.

ஒரு வியாழக்கிழமை அவர் போனை எடுக்கவில்லை. வேலை முடிந்து ராத்திரி 9 மணிக்குப் போய்க் கதவைத் திறந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். எதிரே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானமே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரரும் தமிழர்தான். கதவைத் தட்டிச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "தம்பி, டி.வி. சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஆள் இருக்காருன்னுதான் நெனச்சோம்."

அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என்மேல்தான் வந்தது. அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தவன் நான். தோட்டமாக இருந்திருந்தால், காலையில் ஒருவர் குழாயடிக்கு வரவில்லையென்றால் ஏழு மணிக்குள் யாராவது வந்து கதவைத் தட்டியிருப்பார்கள். "என்னண்ணே, ஒடம்புக்கு முடியலியா?" என்று கேட்டிருப்பார்கள். அப்பாவின் உயிர் தங்கியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் பாதி நாள் அவர் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்.

மறுநாள் காரியம். பெட்டி மின்தூக்கிக்குள் படுக்கை வாட்டில் போகவில்லை. நிறுத்தி வைத்தால் போகும் என்று ஒருவர் சொன்னார். அப்பாவை நிறுத்தி வைத்துக் கொண்டுபோக என் மனம் ஒப்பவில்லை. ஒன்பது மாடி. குறுகலான படி. மாடிக்கு இரண்டு திருப்பம். எங்கள் சொந்தக்காரர்களில் தூக்கக்கூடியவர்கள் நாலு பேர்தான் இருந்தோம்.

அப்போது எட்டாவது மாடி மலாய்க்கார பாக்சிக், தன் இரண்டு மகன்களோடு வந்து, எதுவும் கேட்காமல் பெட்டியின் அடியில் கைகொடுத்தார். ஆறாவது மாடியில் ஒரு சீன அங்கிள் ஓடிவந்து, படியில் இருந்த சைக்கிள்களையும் செருப்புகளையும் ஒதுக்கிக்கொண்டே எங்களுக்கு முன்னால் இறங்கினார். பக்கத்து வீட்டுத் தமிழர் பின்பக்கம் பிடித்தார். அவர் பேரே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக என் அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவர். அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான்.

கீழே வந்து மூச்சு வாங்கியபோது எனக்கு ஒன்று விளங்கியது. மனிதர்கள் மாறிவிடவில்லை. உதவ மனம் இல்லாதவர்கள் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. ஒருவர் கதவை ஒருவர் தட்டக் காரணம்தான் இல்லாமல் இருந்தது.

6. கருவியும் தொண்டும்

நம் சமயம் கருவிகளை வெறுக்கச் சொல்லவில்லை. ஆயுத பூசையன்று தோட்டத்தில் அப்பா உளியையும் பால்வாளியையும் கழுவி, திருநீறு பூசி, பொட்டு வைத்துச் சாமிக்கு முன்னால் வைப்பார். இன்றைக்கு நாம் மோட்டாரையும் மடிக்கணினியையும் வைக்கிறோம். பொருள் மாறியிருக்கிறது, வழக்கம் மாறவில்லை. ஆனால் அந்தப் பூசையின் கருத்தை நாம் முழுதாக எடுத்துக்கொண்டோமா? கருவிக்குப் பொட்டு வைப்பது, "உன்னை நான் நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துவேன்" என்று சொல்வதற்குச் சமம்.

அப்பர் சுவாமிகளின் படத்தைப் பாருங்கள். அவர் கையில் இருப்பது ஒரு கருவி. உழவாரம். புல் செதுக்கும் சாதாரண இரும்பு. அதை வைத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போய்ப் பாதையைத் துப்புரவு செய்தார். கருவி சின்னதா பெரியதா என்பதில் இல்லை. அது யாருக்காக அசைகிறது என்பதில்தான் இருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் கைப்பேசி உழவாரமும் ஆகலாம். என் அப்பா முன்னால் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியும் ஆகலாம்.

நாம் தோட்டத்துக்குத் திரும்பப் போவதில்லை. போகவும் வேண்டாம். அம்மாவை மறுபடியும் விறகடுப்பில் உட்கார வைக்க நான் தயாரில்லை. ஆனால் அன்றைக்குக் குழாயடி தானாகச் செய்த வேலையை இன்றைக்கு நாம் மனம் வைத்துச் செய்ய வேண்டும். அன்று வாழ்க்கையே நம்மைக் கூட்டியது. இன்று கூடுவதற்கு நாள் குறிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பும், வெள்ளிக்கிழமைக் கூட்டு வழிபாடும், கிளையின் சிரமதானமும் அதற்காகத்தான். "வகுப்புக்கு வந்தா என்ன கிடைக்கும்?" என்று கேட்கும் தம்பிகளுக்கு என் பதில்: நீ வராவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்க ஆள் கிடைக்கும். இந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் கிளையில் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் தனியாக இருக்கும் பெரியவர்களின் பட்டியல் ஒன்று எழுதினோம். இதுவரை 11 பேர். இரண்டு இளைஞர்களுக்கு ஒரு பெரியவர். தினம் காலையில் ஒரு போன். வாரம் ஒரு தடவை நேரில். போனை எடுக்கவில்லையென்றால் அரைமணி நேரத்தில் யாராவது போய்க் கதவைத் தட்ட வேண்டும். எல்லாருடைய செய்தியும் ஒரு புலனக் குழுவில் வந்துவிடும். அந்தக் குழுவுக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'குழாயடி'.

பின்வரிசைத் தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். உன் தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் நினைத்து ஏங்குவது லயத்தையோ பெரட்டு மணியையோ இல்லை. தான் வராவிட்டால் தேடி வர ஆள் இருந்த காலத்தை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, "தாத்தா, உங்க பெரட்டுல யார் பேரை மொதல்ல கூப்பிடுவாங்க?" என்று கேட்டுப் பார். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு நீ ஒன்றும் பேச வேண்டியிருக்காது.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குடும்பம் முதன்முதலில் எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில் அல்லது எந்த வேலையில் இருந்தது? எந்த ஆண்டு பட்டணத்துக்கு வந்தது? காரணம் என்ன? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்.

2. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள் (சலவை இயந்திரம், மிக்சி, மோட்டார், கைப்பேசி). அது யாருடைய எந்தச் சுமையைக் குறைத்தது? அதோடு சேர்ந்து எது குறைந்தது?

3. உங்கள் மாடியில், உங்கள் தெருவில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? மலாய், சீன அண்டைவீட்டாரையும் சேர்த்து எண்ணுங்கள்.

4. தோட்ட வாழ்க்கையில் நாம் திரும்பக் கொண்டுவரக் கூடாதவை எவை? ஏன்?

5. உங்கள் கிளைக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர் யார்? இந்த வாரம் அவர் கதவை யார் தட்டப் போகிறீர்கள்?

ஐந்தாவது கேள்விக்குப் பதிலை நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டாம். போய்விட்டு வந்து அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.